முதல் குழந்தை பிறந்து மூன்று வாரம். பகலும் இரவும் ஒன்றாகிவிட்டன, பால் போதவில்லையோ என்று பயமாக இருக்கிறது. எப்போது சரியாகும்?

மூன்றாவது வாரம் கஷ்டமான வாரம்தான். முதல் சில நாள்கள் குழந்தை பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். பிறகு அழுகை கூடிக்கொண்டே போய் ஆறாவது வார வாக்கில் உச்சத்தைத் தொடும். மூன்று நான்கு மாதத்தில் தானாகத் தணியும். இப்போது அழுகை கூடுவதற்கு உங்கள் வளர்ப்பில் குறை என்று பொருள் இல்லை.

பால் போதுமா என்பதை அழுகையை வைத்து முடிவு செய்யாதீர்கள், வயிறு நிறைந்த குழந்தையும் அழும். மார்பு முன்போல் கனக்கவில்லை என்பதும் கணக்கில்லை. சுரப்பு தேவைக்கேற்பப் படிந்ததும் மார்பு மென்மையாகத்தான் இருக்கும். பம்பில் வரும் அளவையும் நம்பாதீர்கள், நன்றாகக் குடிக்கும் குழந்தை எடுக்கும் அளவுக்குப் பல பேருக்குப் பம்ப் எடுக்காது. பார்க்க வேண்டியவை இரண்டு: டயப்பர், எடை. ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் குறைந்தது 6 டயப்பராவது நன்றாக நனைய வேண்டும், சிறுநீர் வெளிர் நிறத்தில் இருக்க வேண்டும். நனைந்ததா என்று சந்தேகம் வந்தால், புது டயப்பர் ஒன்றில் மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றிக் கையில் தூக்கிப் பாருங்கள், அந்தக் கனம் பழகிவிடும். பிறந்த சில நாளில் எடை 7 முதல் 10 சதவீதம் வரை இறங்கலாம். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பி, பிறகு நாளொன்றுக்குச் சராசரியாக 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். எப்போதும் ஒரே தராசில், உடுப்பில்லாமல் எடை பாருங்கள். அதையும் தினமும் பார்க்க வேண்டாம், வாரம் ஒருமுறை போதும்.

எடை ஏறவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது கவ்வும் விதம். குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும், மூக்கு காம்புக்கு நேராக வரட்டும். வாயை நன்றாகத் திறந்த பிறகே சட்டென்று அணைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் குனிந்து மார்பைக் கொண்டுபோகக் கூடாது. சரியாகக் கவ்வினால் தாடை மார்பில் அழுந்தும், கருவட்டம் மேலுதட்டுக்கு மேலேதான் அதிகம் தெரியும், விழுங்கும் சத்தம் கேட்கும். முதல் சில நொடிகளுக்குப் பிறகும் வலித்தால் காம்பை மட்டும் கவ்வியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளாதீர்கள். வாயின் ஓரத்தில் சுண்டுவிரலை விட்டு உறிஞ்சலை விடுவித்து மறுபடி வையுங்கள். காம்பு வெடிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மார்பில் பால் தேங்கினால் சுரப்பு குறையும், காலியானால் கூடும். நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை பால் கொடுக்கச் சொல்வது இதனால்தான். மாலையில் அரைமணிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருந்தால் பால் வற்றிவிட்டது என்று பயந்து பவுடர் பாலுக்குப் போகிறவர்கள் அதிகம். அந்த நேரத்தில் மார்பு காலியாகாததால் மறுநாள் சுரப்பு உண்மையிலேயே குறைகிறது. அதற்காகப் பவுடர் பால் பாவம் என்றில்லை. எடை ஏறாத குழந்தைக்கு மருத்துவர் சொன்னால் தயங்காமல் கொடுங்கள். ஆனால் அப்படிக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் நீங்களும் பாலைப் பீய்ச்சி எடுத்துவிடுங்கள்.

இனி தூக்கம். குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும், இரண்டு மூன்று மணி நேரத் துண்டுகளாக. உடலுக்குள் இரவு பகல் கணக்கு உருவாகவே இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். காலையில் வெளிச்சம், இரவில் மங்கிய விளக்கு, பேச்சுக் கொடுக்காமல் பால் என்று பழக்கலாம். இரவில் மலம் கழித்தாலோ, ஊறிப்போயிருந்தாலோ, தோல் சிவந்திருந்தாலோ டயப்பரை மாற்றுங்கள். மற்றபடி அதற்காக எழுப்ப வேண்டாம்.

‘குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு’ என்று எல்லாரும் சொல்வார்கள். துண்டு துண்டான தூக்கத்தால் யாருக்கும் களைப்பு தீராது. உங்களுக்குத் தேவை இடைவிடாத நான்கு மணி நேரம், தினமும் ஒருமுறை. இரவு 9 மணிக்குப் பால் கொடுத்துவிட்டு வேறு அறையில் கதவைச் சாத்திப் படுங்கள். நடுவில் வரும் ஒரு வேளையைக் கணவரோ வீட்டில் வேறு யாரோ பீய்ச்சி வைத்த பாலால் பார்த்துக்கொள்ளட்டும். பீய்ச்சிய பால் அறை வெப்பத்தில் 4 மணி நேரமும், குளிர்சாதனப் பெட்டியில் 4 நாளும் இருக்கும். சூடான தண்ணீரில் பாத்திரத்தை வைத்துச் சூடாக்குங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், அங்கங்கே கொதித்து வாய் வெந்துவிடும். ஐந்து மணி நேரத்துக்கு மேல் நீட்டினால் மார்பில் பால் கட்டிக்கொள்ளும், அதற்குள் எழுந்துவிடுங்கள். உதவிக்கு வருகிறவர்களிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு நீங்கள் சமையலுக்குப் போவது தலைகீழ் ஏற்பாடு. வீட்டு வேலையை அவர்கள் செய்யட்டும்.

சோபாவில் குழந்தையோடு கண்ணயர்வது மிகவும் ஆபத்து, இடுக்கில் சிக்கி மூச்சு முட்டும். தூங்கிவிடுவோம் என்று தோன்றினால், தலையணை போர்வை இல்லாத கெட்டியான படுக்கையில் வைத்துக் கொடுப்பது அதைவிட மேல். விழித்ததும் குழந்தையைத் தனிப் படுக்கைக்கு மாற்றிவிடுங்கள். மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும், பகலிலும்.

கையைச் சூப்புவதும் தலையைத் திருப்பித் தேடுவதும் பசியின் தொடக்கம், அழுகை கடைசிக் கட்டம். வீறிட்டு அழும் குழந்தை கவ்வாது. முதலில் தோளில் போட்டுச் சமாதானப்படுத்துங்கள். எதற்கும் அடங்காமல் உங்களுக்கு ஆத்திரம் வருகிறதா? மல்லாக்கக் கிடத்திவிட்டுப் பத்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். அழுவதால் ஒன்றும் ஆகாது, பிடித்துக் குலுக்கினால் மூளையில் இரத்தம் கசியும்.

பேறுகாலத்துக்குப் பின் உங்களுக்கு வரும் அழுகையும் எரிச்சலும் இரண்டு வாரத்தில் அடங்கிவிட வேண்டும். நீங்கள் மூன்றாவது வாரத்தில் இருக்கிறீர்கள். இன்னும் தொடர்ந்தால், குறிப்பாகக் குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வரவில்லை என்றால், மருத்துவரிடம் சொல்லுங்கள். பேறுகாலத்துக்குப் பின் வரும் மனச்சோர்வை அறிய எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் உண்டு, சில நிமிடத்தில் முடியும். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன. உயிரை விட்டுவிடலாம், குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவோம் என்ற எண்ணமோ, இல்லாத குரல் கேட்பதோ அவசரநிலை. தனியாக இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உங்களுக்கு இரத்தப்போக்கில் ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தாலும், பார்வை மங்கலோடு ஓயாத தலைவலி வந்தாலும், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தாலும் காத்திருக்காதீர்கள். குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டாலோ, எழுப்பியும் பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ நேரே மருத்துவமனைதான். இந்த வயதில் வீட்டு மருந்து கூடாது. கண்ணில் மஞ்சள் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் இரத்தப் பரிசோதனை வேண்டும். மலம் சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தால் அது பித்தநாள அடைப்பாக இருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சை இரண்டு மாதத்துக்குள் நடந்தால் பலன் அதிகம் என்பதால் அன்றே காட்டுங்கள்.

ஆறாவது வாரப் பரிசோதனைக்குப் போகும்போது கருத்தடை பற்றியும் கேளுங்கள். மாதவிடாய் திரும்புவதற்கு முன்பே கரு தரிக்கலாம்.