பால் நிறமாகும் நீச்சல் தடாகம்: மணலை மாற்றுமுன் வினாகிரி வாங்குங்கள்

கேள்வி: போன வருடம் வீட்டில் நீச்சல் தடாகம் கட்டினோம். நீளம் 8 மீற்றர், அகலம் 4 மீற்றர், சராசரி ஆழம் 1.25 மீற்றர். நிரப்பியது கிணற்றுத் தண்ணீர். இரண்டு கிழமையாகப் பால் ஊற்றியது போலக் கலங்கிக் கிடக்கிறது. தினமும் குளோரின் தூள் போடுகிறோம். போடப் போடக் கலங்கல் கூடுகிறது. பராமரிக்க வருபவர் பில்டர் மணலை மாற்றச் சொல்கிறார், தெளியவைக்கும் மருந்தும் வாங்கச் சொல்கிறார். எதை வாங்குவது? (கோண்டாவில் வாசகர்)

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். தூள் போடப் போடக் கூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, துப்பு அதில்தான் இருக்கிறது. உங்கள் ஊர் உள்ள வலிகாமப் பகுதிக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள் வெட்டியவை. உங்கள் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவுதான் தடாகத்திலும் பிரிந்து மிதக்கிறது என்பது எங்கள் சந்தேகம். தண்ணீரின் பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 7.8ஐத் தாண்டினால், இந்தளவு கடினமான தண்ணீரில் சுண்ணாம்பு கரைசலில் நிற்காது. நீங்கள் போடும் 65 வீதத் தூள் கல்சியம் ஐப்போகுளோரைற்று. அது பி.எச்.ஐ ஏற்றுவதோடு கல்சியத்தையும் சேர்க்கிறது.

உறுதிப்படுத்த, ஒரு கண்ணாடிக் கிளாசில் தடாகத் தண்ணீரை எடுத்து, ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினாகிரி விட்டுக் கலக்குங்கள். சில நிமிடத்தில் தெளிந்தால் சுண்ணாம்பு. தெளியாவிட்டால் பாசி அல்லது தூசு. பாசியா என்று அறிய, இருட்டிய பின் குளோரினை அளந்து, விடியுமுன் மறுபடி அளவுங்கள். வெயில் இல்லாத நேரத்தில் 1 பி.பி.எம்.க்கு (லீற்றருக்கு ஒரு மில்லிகிராம்) மேல் குறைந்திருந்தால் ஏதோ ஒன்று குளோரினைத் தின்கிறது; பெரும்பாலும் பாசிதான்.

சுண்ணாம்பு என்றால் அதற்கு மருந்து, அமிலம்தான். உங்கள் தடாகம் 40,000 லீற்றர். பி.எச். 8.2 அளவில் இருந்தால், 33 வீத ஐதரோகுளோரிக் அமிலம் சுமார் 1 லீற்றர் அதை 7.5க்குக் கொண்டுவரும்; சரியான அளவு தண்ணீரின் காரத்தன்மையைப் பொறுத்தது. ஒரே தடவையில் ஊற்றாதீர்கள். பிளாஸ்ரிக் வாளியில் முதலில் தண்ணீர், பிறகு அதற்குள் அரை லீற்றர் அமிலம். அமிலத்தின் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. கையுறையும் கண்ணாடியும் போட்டு, மோட்டர் ஓடும்போது ஆழமான பக்கத்தில் சுற்றி ஊற்றுங்கள். நான்கு மணித்தியாலம் கழித்து அளந்துபார்த்து மிச்சத்தை விடுங்கள். அமிலமும் குளோரினும் ஒரே வாளியில் பட்டால் நச்சு வாயு கிளம்பும். வாளியை மட்டுமல்ல, வைக்கும் அறையையும் பிரித்துவிடுங்கள். சில நாளில் பி.எச். மறுபடி ஏறும், பயப்பட வேண்டாம். சீமெந்துப் பூச்சுப் புதிது என்றால் முதல் வருடம் அது காரத்தை விட்டுக்கொண்டே இருக்கும்.

பாசி என்றால் பொழுதுபட்ட பின் 10 வீதத் திரவக் குளோரின் 4 லீற்றர் ஊற்றுங்கள். அது 10 பி.பி.எம். ஏற்றும். சுவரைத் தேய்த்து, மோட்டரை இரவும் பகலும் ஓடவிடுங்கள். இரவில் குறைவது 1 பி.பி.எம்.க்குள் வரும்வரை அந்த அளவைக் காக்க வேண்டும். செத்த பாசியை வடிக்கப் பில்டருக்கு இன்னும் சில நாள் பிடிக்கும். தரையில் உள்ள வடிகால் மூடி கண்ணுக்குத் தெரியாத தண்ணீரில் எவரையும், முக்கியமாகப் பிள்ளைகளை, இறக்காதீர்கள்.

மணல் வழமையாக 5 முதல் 7 வருடம் வரை உழைக்கும். ஒரு வருட மணலை மாற்றச் சொல்பவரிடம் காரணம் கேளுங்கள். மோட்டரை நிறுத்தி, அழுத்தத்தை வெளியேற்றி, பில்டர் மூடியைத் திறந்து கையை விட்டுப் பாருங்கள். மணல் கட்டிபட்டிருந்தால் தண்ணீர் வடியாமல் ஓட்டை போட்டுக்கொண்டு போகிறது, மாற்றத்தான் வேண்டும். பொலபொலவென்று இருந்தால் எதிரோட்டம் விட்டுக் கழுவினால் போதும். அதையும் அழுத்தமானி, கழுவிய நாளில் காட்டியதைவிட அரை பார் கூடும்போதுதான் செய்யுங்கள். அடிக்கடி கழுவினால் வடிப்பு நன்றாகாது, கெடும். மாற்றுவதானால் 0.5 முதல் 1 மில்லிமீற்றர் வரையான சிலிக்கா மணல். கடற்கரை மணல் வேண்டாம். அதில் ஒரு துளி அமிலம் விட்டுப் பாருங்கள், நுரைக்கும். அதில் இருக்கும் சிப்பித் தூளும் சுண்ணாம்புதான்.

விருந்துக்கு அவசரம் என்றால் மட்டும், கலங்கலைத் திரட்டி அடியில் படியவைக்கும் அலம் (படிகாரம்). பி.எச். 7.2க்கும் 7.6க்கும் இடையில் இருக்க, 1 முதல் 1.5 கிலோவை வாளியில் கரைத்துப் பரவலாக ஊற்றி, வால்வைப் பில்டரைத் தவிர்க்கும் நிலைக்கு மாற்றி இரண்டு மணித்தியாலம் ஓட்டி, இரவு முழுக்க நிறுத்துங்கள். காலையில் அடியில் படிந்ததைப் பதற்றமில்லாமல், கழிவுக்குப் போகும் நிலையில் உறிஞ்சுங்கள். பில்டருக்குள் விட்டால் மணலே பசையாகும். சில ஆயிரம் லீற்றர் தண்ணீர் வெளியே போகும். அதைக் கிணற்றடியில் விடாதீர்கள்; நம்முடைய கல்லுத் தரையில் இறங்கியது கிணற்றுக்கே வரும்.

கேள்வி: கிணற்றுக்குப் போடும் பிளீச்சிங் பவுடர் மலிவு. தடாகத்துக்கு அதைப் போடலாமா? (சாவகச்சேரி வாசகர்)

பதில்: கிலோ விலையை விட்டுவிடுங்கள். விலையைக் குளோரின் வீதத்தால் வகுத்துப் பாருங்கள்: 33 வீதத் தூளின் விலை 65 வீதத் தூளில் பாதிக்குக் கீழே இருந்தால்தான் மலிவு. அப்போதும் மிச்சத்தில் பெரும்பகுதி கரையாத சுண்ணாம்பு. கலங்கலை நீங்களே காசு கொடுத்து வாங்குகிறீர்கள். எங்கள் பக்கத் தண்ணீருக்குத் திரவக் குளோரின்தான் பொருத்தம். வெயிலில் சில கிழமையில் வீரியம் இறங்கும் என்பதால் உற்பத்தித் திகதி பார்த்து, மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி நிழலில் வையுங்கள். திகதியோ வீதமோ இல்லாத கானை எடுக்காதீர்கள். ஏமாந்தால் பில்லுடன் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். மிதக்கும் குளோரின் குளிசை வசதிதான், ஆனால் அதிலுள்ள சயனூரிக் அமிலம் சேர்ந்துகொண்டே போய்க் குளோரினை மந்தமாக்கும். குறைக்கத் தண்ணீரை மாற்றுவதே வழி. குளிசையையும் தூளையும் ஒரே பாத்திரத்தில் போடவே கூடாது, தீப்பற்றும்.

கேள்வி: அளக்கக் கடதாசிக் கீலமா, துளி மருந்துப் பெட்டியா? (நல்லூர் வாசகர்)

பதில்: துளி மருந்துப் பெட்டி. கீலம் ஈரக்காற்றில் கெட்டுப் பொய் நிறம் காட்டும். குளோரினும் பி.எச்.உம் மட்டுமன்றிக் காரத்தன்மையும் கல்சியக் கடினமும் அளக்கும் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். யாழ்ப்பாணத்தில் காரத்தன்மை தெரியாமல் அமில அளவைச் சுமாராகத்தான் சொல்லலாம், சரியாகச் சொல்ல முடியாது.