அம்மணி கணக்கே படிக்கட்டும்

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து போன வாரம் ஒரு குடும்பம் மகளை என்ன படிக்க வைப்பது என்று கேட்டு என்னிடம் வந்தது. கரும்பு விவசாயம். மகள் பிளஸ் டூ, கணக்கும் உயிரியலும் சேர்ந்த குரூப். "மாமனுங்க எல்லாம் டாக்டராக்கோணும்னு நிக்கறாங்க. நீட்ல வரலைன்னா ரிப்பீட்டர் போடச் சொல்றாங்க. இவ கணக்குப் படிக்கறேங்கறா. பொட்டப்புள்ள கணக்குப் படிச்சு என்னங்க பண்றது?" என்றார் அம்மா. குரல் கம்மியது.

நாங்கள் பேசிக்கொண்டிருக்க, அம்மணி மேசையில் கிடந்த கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு புள்ளி, அதை அணைத்து மூலையாக மூன்று, அப்புறம் ஐந்து, ஏழு. ஒன்றிலிருந்து ஒற்றை எண்களை வரிசையாகக் கூட்டினால் ஏன் வர்க்க எண்ணே வருகிறது என்று அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள். அண்ணனுக்கு ஒன்பதாவதிலிருந்தே கணக்கு டியூஷன், இவளுக்குக் கிடையாது. சொல்லியும் தராமல் பெண்ணுக்குக் கணக்கு வராது என்று நாமே முடிவு கட்டுகிறோம். எனக்கு மனசு பொறுக்கவில்லை.

காட்டில் என்ன கரும்பு என்று அப்பாவைக் கேட்டேன். கோ 86032 ரகம். அந்தக் 'கோ' கோயம்புத்தூர்தான். அங்குள்ள கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் 1930-களிலேயே தாவரவியல் விஞ்ஞானி ஜானகி அம்மாள் கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலப்பினம் செய்து ஆராய்ந்திருக்கிறார். இதைச் சொன்னதும் அப்பா மகளைத் திரும்பிப் பார்த்தார்.

ரிப்பீட்டர் வேண்டாம். பிள்ளைக்கு விருப்பமில்லாத படிப்புக்கு அவளுடைய ஒரு வருசத்தையும் வீட்டுப் பவுனையும் வைக்காதீர்கள். மாமன்மார் வட்டி கட்டப் போவதில்லை.

ஐசர் என்று ஒன்று இருக்கிறது. மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள், நாட்டில் மொத்தம் ஏழு. நமக்குப் பக்கம் திருவனந்தபுரமும் திருப்பதியும். வளாகத்திலேயே விடுதி. ஐந்தே வருசத்தில் முதுகலைப் பட்டத்தோடு வெளியே வரலாம். தொடக்கத்தில் எல்லா அறிவியலும் படித்து, பிறகு கணக்கை முதன்மைப் பாடமாக எடுக்கலாம். நுழைவுத்தேர்வின் பெயர் ஐஏடி. இயற்பியல், வேதியியல், கணக்கு, உயிரியல் ஒவ்வொன்றிலும் 15 கேள்வி, மொத்தம் 60, மூன்று மணி நேரம். சரிக்கு நாலு மார்க், தப்புக்கு ஒன்று போகும். நாலு பாடமும் படித்தவள் இவள், நீட்டுக்குப் படித்ததும் வீணாகாது. பொதுத்தேர்வில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்தால் இன்ஸ்பயர் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம், வருசத்துக்கு 80,000 ரூபாய். அதற்கு மேல் ஆராய்ச்சிக்குப் போய் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000.

கேள்வித்தாள் தமிழில் வராது. அதனால் கணக்குச் சொற்களை இப்போதே ஆங்கிலத்திலும் பழகட்டும். விண்ணப்பம் வந்ததும் அவள் கையாலேயே நிரப்பட்டும். மாமன்மாரிடம் பேச வேண்டியது நீங்கள்தாங்க, அவளை முன்னால் நிறுத்தாதீர்கள்.