கேள்வி – பதில்: மேசையில் தலை சாய்த்திருக்கும் பிள்ளை

இம்முறை வந்தவற்றில் திருகோணமலை மாவட்ட ஆசிரியர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். எல்லாமே மனச்சோர்வுக்குள்ளான மாணவர்களைப் பற்றியவை. கேட்டவர்களின் பெயரும் பாடசாலையும் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: தரம் 10 மாணவி ஒருத்தி. போன வருடம் வரை நன்றாகப் படித்தவள். இப்போது மேசையில் தலை வைத்துப் படுத்துவிடுகிறாள். கேட்டால் எரிந்து விழுகிறாள். "பஞ்சி, வயசுக் கோளாறு" என்கிறார்கள் மற்ற ஆசிரியர்கள். இது மனச்சோர்வுதானா? எப்படிப் பேச்சைத் தொடங்குவது? – வகுப்பாசிரியை, மூதூர்

பதில்: மனச்சோர்வா இல்லையா என்று முடிவு சொல்வது வைத்தியரின் வேலை. கவனித்து எழுதி வைப்பது உங்களுடையது. காலை 7.30 முதல் 1.30 வரை அந்தப் பிள்ளையைப் பார்ப்பவர் நீங்கள். பெற்றோருக்குக்கூட அந்த வாய்ப்பில்லை.

வைத்தியர்கள் பார்ப்பது இதைத்தான்: குறைந்தது 2 கிழமையாக, அநேகமாக எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி மனம் கனத்திருக்கிறதா, அல்லது முன்பு விரும்பிச் செய்தவற்றில் நாட்டம் போய்விட்டதா? இந்த இரண்டில் ஒன்றாவது இருக்கவேண்டும். அதோடு தூக்கம், சாப்பாடு, களைப்பு, கவனம் சிதறுதல், அசைவும் பேச்சும் மெதுவாதல் அல்லது இருப்புக்கொள்ளாமை, தன்னையே குறைத்து நினைத்தல், சாவைப் பற்றிய எண்ணம் என்று மொத்தம் 9 அறிகுறிகளில் 5 ஆவது சேர்ந்திருக்கவேண்டும். பதின்ம வயதில் கவலைக்குப் பதிலாக எரிச்சல் முன்னுக்கு வரும். உங்கள் மாணவி எரிந்து விழுவதையும் அந்தக் கண்ணோடு பாருங்கள்.

பஞ்சிப் பிள்ளை கணக்கை விட்டுவிட்டு விளையாட்டுக்கு ஓடும். மனச்சோர்வுள்ள பிள்ளை விளையாட்டையும் விட்டுவிடும்.

ஒரு சிறிய கொப்பியில் 2 கிழமை குறித்து வாருங்கள். "சோம்பலாக இருந்தாள்" என்று எழுதவேண்டாம். அது உங்கள் தீர்ப்பு. "செவ்வாய், 3ஆம் பாடவேளை, கொப்பி திறக்கவில்லை. இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டி திறக்கவில்லை. வலைப்பந்துப் பயிற்சிக்கு 4 முறை வரவில்லை" என்று கண்டதை எழுதுங்கள். வரவுப் பதிவேட்டைப் புரட்டி எந்த நாட்களில் வரவில்லை என்று பாருங்கள். போன தவணைக் கொப்பியின் கையெழுத்தோடு இப்போதையதை ஒப்பிடுங்கள். இரத்தச்சோகையும் தைரொயிட் குறைபாடும் இதே களைப்பைத் தரும். அதனால் வைத்தியர் இரத்தப் பரிசோதனை கேட்டால், "மனசுக்கு எதற்கு இரத்தம்?" என்று வீட்டார் தயங்காதபடி முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஆனால் சாவைப் பற்றிய பேச்சோ எழுத்தோ தென்பட்டால் 2 கிழமை காத்திருக்கக்கூடாது. அதைக் கீழே சொல்கிறோம்.

பேசுவதற்கு ஆசிரியர் ஓய்வறை வேண்டாம். பூட்டிய அறையும் வேண்டாம். மற்றவர் கண்ணில் படும், காதில் விழாத இடம் நல்லது: விறாந்தையின் கடைசி, நூலகத்தின் ஒரு மூலை. 15 நிமிடம் போதும். கடைசி மணி அடித்து வான் காத்து நிற்கும் நேரத்தில் தொடங்கவேண்டாம். எதிரே அமராமல் பக்கத்தில் அமருங்கள். கண்டதைச் சொல்லுங்கள்: "ரெண்டு கிழமையாப் பிள்ளை இன்டர்வலுக்கும் வெளிய போறதில்ல, சாப்பிடுறதும் இல்ல. எனக்கு யோசனையாக் கிடக்கு. எப்பிடி இருக்கிறீங்க?" பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். இங்கேதான் பெரும்பாலான ஆசிரியர்கள் தவறுகிறார்கள். 3 விநாடி மௌனத்தைத் தாங்கமுடியாமல் அறிவுரை தொடங்கிவிடும். மனதுக்குள் 10 வரை எண்ணுங்கள்.

"ஒண்டுமில்ல டீச்சர்" என்று வந்தால் வற்புறுத்தவேண்டாம். "சரி, வியாழக்கிழமை திரும்பக் கதைப்பம்" என்று சொல்லி, வியாழக்கிழமை தவறாமல் போங்கள். முதற்பேச்சில் திறக்காத பிள்ளை இரண்டாம், மூன்றாம் முறையில் திறக்கும். அந்த இரண்டாம் முறை நடக்காமல் போவதுதான் அதிகம் காணும் குறை.

"யாருக்கும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உங்கட உயிருக்கு ஆபத்தெண்டால், ஆரும் உங்களுக்குத் தீங்கு செய்தால் மட்டும் சொல்லுவன், அதையும் உங்களிட்டச் சொல்லிப்போட்டுத்தான் சொல்லுவன்" என்று முதலிலேயே சொல்லுங்கள். வீட்டிலோ வெளியிலோ துன்புறுத்தல் என்று தெரியவந்தால் அதிபருக்கும், சிறுவர் உதவி இலக்கமான 1929க்கும் அறிவிக்கவேண்டும். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் அணுகலாம்.

கேள்வி: வீட்டுவேலையைக் குறைத்தால் மற்றப் பிள்ளைகள் கேட்பார்கள். செல்லம் கொடுத்துக் கெடுத்ததாகாதா? – கணித ஆசிரியர், திருகோணமலை நகர்

பதில்: காலில் மாக்கட்டுப் போட்ட பிள்ளையை ஓடச் சொல்வதில்லையே. மனச்சோர்வில் கவனமும் நினைவும் மெதுவாகும். ஒரே வரியைப் பிள்ளை நாலு தரம் வாசிக்கும். 20 கணக்குக் கொடுத்தால் ஒன்றும் செய்யாது. செய்யாததற்கு ஏச்சு வாங்கும். "நான் ஒண்டுக்கும் உதவாதவன்" என்ற எண்ணம் உறுதிப்படும். ஒவ்வொரு வகையிலும் ஒன்றாக 5 கணக்கைத் தெரிந்து கொடுங்கள். பாடத்தின் தரம் குறையாது, அளவு மட்டும் குறையும். கரும்பலகையில் நீண்டதாக எழுதினால் அச்சுப்பிரதி ஒன்றைக் கையில் கொடுங்கள். எழுப்பிக் கேள்வி கேட்பதென்றால் முதல் நாளே, "நாளைக்கு இந்தக் கணக்கை உங்களிட்டக் கேப்பன்" என்று சொல்லி வையுங்கள். கடைசி வாங்கிலிருந்து நண்பன் பக்கத்துக்கு மாற்றுங்கள்.

முழுதாக விட்டுவிடுவதும் பிழை. செய்வதற்கு ஒன்றும் இல்லாத நாளில் மனச்சோர்வு இன்னும் கனக்கும். கொப்பி சேர்ப்பது, வெண்கட்டி கொண்டுவருவது போன்ற ஒரு சிறிய பொறுப்பை நாள்தோறும் கொடுங்கள். மற்றவர்கள் கேட்டால், "ஒவ்வொருத்தருக்கும் தேவையானதக் குடுக்கிறன்" என்பதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். பாடசாலை விட்டதும் இரவு 8 மணி வரை ரியூசன் போகும் பிள்ளையென்றால், எந்த வகுப்பை நிறுத்தலாம் என்று பெற்றோரோடு பேசுங்கள். தூக்கத்தை வெட்டி வாங்கும் புள்ளிகள் நிற்பதில்லை.

கேள்வி: கட்டுரைக் கொப்பியில் ஒரு மாணவன் "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" என்று எழுதியிருக்கிறான். நேரே கேட்டால் இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடுவேனோ? பொலிஸ் வழக்காகுமா? – தமிழாசிரியை, தம்பலகாமம்

பதில்: கேளுங்கள், அன்றைக்கே. கேட்பதால் எண்ணம் உண்டாவதில்லை. ஒளித்து வைத்த பாரத்தை இறக்க வழி கிடைக்கிறது. சுற்றி வளைக்காமல், "சாகவேணும் எண்ட நினைப்பு வந்திருக்கா?" என்று அமைதியான குரலில் கேளுங்கள். ஆம் என்றால் அதிர்ச்சியைக் காட்டாமல், எப்போது, எப்படி என்று ஏதும் யோசித்திருக்கிறானா என்று கேளுங்கள்.

திட்டம் இருக்கிறதென்றால் ஒரு நிமிடமும் தனியே விடக்கூடாது. ஒருவர் கூட இருக்க, இன்னொருவர் அதிபருக்கும் பெற்றோருக்கும் சொல்லவேண்டும். வானில் தனியே வீட்டுக்கு அனுப்பாமல் நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். 1990 இலவச அம்புலன்ஸ். 1926 தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், 24 மணி நேரமும் இயங்குவது. திட்டம் இல்லையென்றாலும் பெற்றோருக்கு அன்றைக்கே சொல்லி, அந்தக் கிழமைக்குள் மனநல வைத்தியரிடம் காட்டச் செய்யுங்கள்.

பொலிஸ் பயம் வேண்டாம். தற்கொலை முயற்சி 1998 முதல் நம் நாட்டில் குற்றமல்ல. "இனி அப்பிடி நினைக்கமாட்டன்" என்று சத்தியம் வாங்கவும் வேண்டாம். மறுமுறை எண்ணம் வரும்போது சத்தியம் மீறிய குற்றவுணர்வில் பிள்ளை உங்களிடமே மறைக்கும்.

உங்கள் பக்கம் வயல் வீடுகள் அதிகம். பெற்றோரிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: பூச்சிநாசினியும் களைநாசினியும் வீட்டில் இருக்கக்கூடாது, இருந்தே ஆகவேண்டுமென்றால் பூட்டுக்குள், திறப்புப் பெரியவர் கையில். மாத்திரைகளும் அப்படியே. உயிரை விடும் வேகம் பல நேரம் சில நிமிடங்களிலோ மணித்தியாலங்களிலோ தணிந்துவிடும். அந்த நேரம் கைக்கெட்டாமல் இருப்பதுதான் காப்பாற்றும். கொடிய பூச்சிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின், 1995இல் உச்சத்தில் இருந்த இலங்கையின் தற்கொலை வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது.

அந்தக் கட்டுரையை மற்ற ஆசிரியர்களுக்கு வாசித்துக் காட்டாதீர்கள். அதிபரும் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரும் பார்த்தால் போதும்.

கேள்வி: உம்மா குவைத்தில். பையன் உம்மம்மாவோடு இருக்கிறான். "ஓதிப் பார்த்தால் சரி, கிளினிக் போனால் பைத்தியம் எண்டு பேர் வரும்" என்கிறார் உம்மம்மா. – ஆசிரியர், கிண்ணியா

பதில்: ஓதுவதை எதிர்த்துப் பேசாதீர்கள். கோயிலில் நூல் கட்டும் வீட்டிலும் இதே வழிதான்: "அதையும் செய்யுங்க, இதையும் பாப்பம்." மனநோய் என்ற சொல்லோடு தொடங்கவும் வேண்டாம். நித்திரை இல்லை, தலையிடி, சாப்பாடு இறங்கவில்லை என்று அவர் கண்ணால் கண்டவற்றிலிருந்து தொடங்குங்கள். உம்மம்மாவின் சம்மதத்தோடு உம்மாவுக்கு வட்ஸ்அப்பில் பேசுங்கள். அவரைத் தாண்டிப் பேசினால் வீட்டுக் கதவு உங்களுக்கு அடைபட்டுவிடும். அரச வைத்தியசாலையில் காசு இல்லை என்பதையும் சொல்லுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் கூடப் போவது என்று தீர்மானித்துவிட்டே எழும்புங்கள். உங்கள் 2 கிழமைக் குறிப்பை அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வைத்தியர் முன் பையன் வாய் திறக்காவிட்டாலும் அது பேசும்.

கேள்வி: சிகிச்சை எடுத்துவிட்டு மாணவி திரும்பி வருகிறாள். எப்படி நடந்துகொள்வது? – ஆசிரியை, குச்சவெளி

பதில்: வருவதற்கு முதல் நாள், வகுப்பில் என்ன சொல்லவேண்டும் என்று அவளிடமே கேளுங்கள். "சுகமில்லாம இருந்தன்" என்பது போதுமென்றால் அதுவே போதும். முதல் கிழமை அரைநாள் வரட்டும். தவறிய பாடங்களில் பரீட்சைக்கு அவசியமானதை மட்டும் பிடித்துக்கொள்ளலாம். மாத்திரை முழுப் பலன் தரச் சில கிழமைகள் ஆகும். முதல் பாடவேளையில் தூக்கம் வந்தால் ஏசாமல் வீட்டுக்குச் சொல்லுங்கள்; வைத்தியர் நேரத்தை மாற்றித் தருவார். தொடக்கக் கிழமைகளில் பதற்றம் கூடினாலோ சாவைப் பற்றிப் பேசினாலோ அடுத்த கிளினிக் நாள் வரை பொறுக்காமல் அன்றே அறிவியுங்கள். முகம் தெளிந்ததைக் கண்டு "இனி மருந்து எதற்கு" என்று யாரும் சொல்லவேண்டாம். நிறுத்துவதும் குறைப்பதும் வைத்தியர் சொல்லி, படிப்படியாக.