உயர்தர மாணவிக்கு ஒன்லைன் வகுப்பு மட்டும் போதுமா?

கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருக்கிறோம், ஏ.எல். படிக்கும் மகளை மட்டக்களப்பு டவுன் வகுப்பிலிருந்து ஒன்லைனுக்கு மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி மாற்றலாம், முழுக்க வேண்டாம் என்பேன்.

பெரிய லாபம் பயணம்தான். 2014இல் மண்முனைப் பாலம் வந்ததிலிருந்து மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் பாடு இல்லை. ஆனாலும் வாவியின் மேற்குப் பக்கமான உங்கள் படுவான்கரையில் பொழுதுபட்டால் யானைப் பயம் இருக்கிறதே! கொழும்பு ஆசிரியரின் பாடத்தையும் வீட்டிலிருந்தே கேட்கலாம். கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் பாடங்கள் இலவசம்.

சிக்கல் எங்கே என்றால், என் மருமகன் சூம் வகுப்புக்கு ஜன்னல் கட்டையில் போனை வைத்து, பக்கத்தில் நின்றபடியே நோட்ஸ் எழுதுவான். அங்கேதான் கவரேஜ் கிடைக்கும். பௌதிகவியல் கணக்கில் ஒரு வரி விளங்காவிட்டால், மைக்கைத் திறந்து கேட்க வெட்கம். ஆசிரியரும் அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். டேட்டா காசு தனி. 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள்.

உயிரியல் போன்ற கோட்பாட்டுப் பாடங்களை ஒன்லைனில் விடுங்கள். கணக்குப் போடும் பாடங்களுக்கு, வாரத்தில் ஒரு நாளாவது, பகல் வகுப்பாகப் பார்த்து நேரில் அனுப்புங்கள்.