புது டிரைவர் வாங்கட்டுமா? கோல்ஃப் கருவிகள்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் 'வாங்கலாமா' என்றுதான் முடிகின்றன. கடைக்காரர்கள் என்னை மன்னிக்க வேண்டும். டிரைவர் என்றால் பந்தை ரொம்ப தூரம் அடிப்பதற்கான, தலை பெருத்த கோல்ஃப் மட்டை; மட்டையைத்தான் கிளப் என்கிறோம்.

என் டிரைவர் பத்து வருடம் பழையது. புதியது அறுபதாயிரம் ஆகும், ஆனால் 20 யார்டு கூடும் என்கிறார் கடைக்காரர். நிஜமா? (கோவை வாசகர்)

முகப்பின் நடுவில் பட்ட அடிக்குத் தூரம் அதிகரிக்காது. பந்து பட்டதும் டிரைவரின் முகப்பு டிராம்போலின் போலச் சற்றுக் குழிந்து மீள்கிறது. விதிகளை வகுக்கும் யுஎஸ்ஜிஏ-வும் ஆர் அண்ட் ஏ-வும் அந்தத் துள்ளலுக்கு உச்சவரம்பு வைத்து இருபது வருடம் தாண்டிவிட்டது. தலையின் பருமனும் 2004-லிருந்து 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. உங்கள் பழைய டிரைவரும் ஏறக்குறைய அந்த வரம்பில்தான் நிற்கும்.

மாறியிருப்பது, தப்பாகப் பட்ட அடியின் கதி. 1991-இல் கேலவே நிறுவனத்தின் 'பிக் பெர்த்தா' டிரைவர் வந்தபோது அதன் 190 கன சென்டிமீட்டர் தலையையே பூசணிக்காய் மாதிரி பார்த்தார்கள். அதுவரை பழகியதெல்லாம் பெர்சிமன் மரத்திலோ எஃகிலோ செய்த சின்னத் தலைகள். இன்று சுவர் மெல்லிய டைட்டானியம், மேல்மூடி கார்பன். அதில் மிச்சமாகும் கிராம்களைக் கொண்டுபோய் பின்பக்க ஓரத்தில் வைக்கிறார்கள். பந்து விளிம்போரம் பட்டாலும் தலை குறைவாகத்தான் திருகிக்கொள்ளும். பந்து புதருக்குள் போகாமல், புல்லை ஒட்ட வெட்டிய பாதையான ஃபேர்வேயின் ஓரத்திலாவது கிடக்கும். விளம்பரத்தில் வரும் '10கே' என்ற எண்ணும் இந்தத் திருகலுக்கான எதிர்ப்பைத்தான் சொல்கிறது. பக்கவாட்டுத் திருகலுக்கு விதி தரும் வரம்பு 5,900. அதோடு மேல்-கீழ்த் திருகலின் எண்ணையும் கூட்டித்தான் பத்தாயிரம் என்று போடுகிறார்கள்.

வாங்கும் முன் ஒரு சோதனை. ஒயிட்போர்டு மார்க்கரால் பந்தின் பின்பக்கம் மொச்சைக்கொட்டை அளவு ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளி கிளப்பைப் பார்க்கும்படி, பந்தைத் தாங்கும் குச்சியான டீயில் வைத்து அடியுங்கள். பட்ட இடத்தில் மை ஒட்டியிருக்கும். துடைக்காமல் பத்துப் பந்து அடித்துவிட்டு முகப்பைத் திருப்பிப் பாருங்கள். பத்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கினால் பணத்தை பேங்கிலேயே வையுங்கள். கோலப்புள்ளி மாதிரி இறைந்து கிடந்தால் புது டிரைவர் உதவும். பயிற்சியாளரிடம் நாலு வகுப்பு போனாலும் உதவும், செலவும் குறைவு.

நண்பர் 7 அயர்னில் 155 யார்டு அடிக்கிறார். எனக்கு 135-தான் போகிறது. ஸ்விங்கில் கோளாறா?

அயர்ன் என்பவை எண் போட்ட உலோகத் தலை கிளப்கள். எண் கூடக் கூட முகப்பின் சாய்வும் கூடும், தூரம் குறையும். இரண்டு கிளப்பையும் பக்கத்தில் வைத்துச் சாய்வைப் பாருங்கள். முன்பெல்லாம் 7 அயர்னின் சாய்வு 35, 36 டிகிரி. இப்போது ஆட்டத்தை எளிதாக்குவதற்கென்று விற்கும் செட்டுகளில் 28, 29 டிகிரிக்கு வந்துவிட்டது. அதாவது உங்கள் 5 அயர்னில் 7 என்று எண் போட்டு அவருக்கு விற்றிருக்கிறார்கள். பழைய சாய்வில் அடித்தால் பந்து மேலே மேலே ஏறிப்போகும் அளவுக்கு எடையைக் கீழே இறக்கி வைத்திருப்பதால்தான் இப்படி நிமிர்த்த முடிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். முழு ஏமாற்று அல்ல. என்றாலும் நண்பரிடம் தோற்றதாக நினைக்காதீர்கள்.

2028-இல் பந்து விதி மாறுகிறதாமே? வீட்டில் நான்கு டஜன் பந்து இருக்கிறது.

அதற்குள் குளத்தில் தொலைத்துவிடுவீர்கள், கவலை வேண்டாம். யுஎஸ்ஜிஏ-வும் ஆர் அண்ட் ஏ-வும் 2023 டிசம்பரில் அறிவித்தபோது, 2028 தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு, நமக்கு 2030 என்றார்கள். பந்தைச் சோதிக்கும் கிளப் வேகம் மணிக்கு 120 மைலிலிருந்து 125 ஆகிறது. ஆனால் அனுமதித்த தூரம் 317 யார்டு, மேலே 3 யார்டு சலுகை என்று பழையபடியே இருக்கும். இதனால் மிக வேகமாக அடிப்பவர்களுக்கு 13 முதல் 15 யார்டு குறையும் என்பது அவர்கள் கணிப்பு. நம்மைப் போன்றவர்களுக்கு 5 யார்டோ அதற்கும் குறைவோதான்.

ஏன் இந்த வம்பு என்றால், 2000-க்குப் போக வேண்டும். அதுவரை நல்ல பந்து என்றால் உள்ளே ரப்பர் நூல் சுற்றியது. சிறுவயதில் ஒன்றை பிளேடால் கீறியிருக்கிறேன். இழுத்துக் கட்டிய நூல் சர்ரென்று அவிழ்ந்து, பந்து கையிலேயே நெளிந்தது. டிரைவரில் அடித்தால் அது தாறுமாறாகச் சுழன்று மேலே எழும்பி, தூரத்தை இழக்கும். அந்த ஆண்டு கடைசியில் வந்த டைட்லிஸ்ட் நிறுவனத்தின் 'ப்ரோ வி1' பந்து கெட்டியான மையமும் யூரிதேன் உறையும் கொண்டது. டிரைவரில் குறைவாகச் சுழலும், கிட்டத்து அடிக்கான வெட்ஜ் கிளப்பில் அடித்தால் நன்றாகச் சுழன்று, குழியைச் சுற்றிய புல்தரையான கிரீனில் நிற்கும். தொழில்முறை ஆட்டக்காரர்கள் சில மாதங்களில் கூட்டமாக மாறிவிட்டார்கள். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித்தொடரான பிஜிஏ டூரில் டிரைவரின் சராசரி தூரம் 1980-இல் சுமார் 257 யார்டு, 2023-இல் ஏறக்குறைய 300. பந்து மட்டும் காரணமல்ல. பெரிய தலை, கிராஃபைட் ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு), உடற்பயிற்சி, பந்தின் ஒவ்வொரு சுழலையும் அளக்கும் டிராக்மேன் போன்ற ரேடார்கள், எல்லாம் சேர்ந்த கணக்கு இது. அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தில் 2023 மாஸ்டர்ஸ் போட்டிக்காக 13-ஆவது குழிக்கான தொடக்க இடத்தை 35 யார்டு பின்னுக்குத் தள்ளினார்கள். எல்லா மைதானத்துக்கும் பக்கத்து நிலத்தை வாங்கிப்போட வசதி உண்டா? நீளம் கூடினால் தண்ணீரும் கூடுதலாகப் பாய்ச்ச வேண்டும். முன்னாள் சாம்பியன் ஜாக் நிக்லாஸ் பல ஆண்டுகளாகப் பந்தை அடக்கச் சொல்லி வந்தார். என் ஓட்டும் அவருக்குத்தான்.

சென்னை சிமுலேட்டரில் 210 காட்டுகிறது. ஊட்டியில் 225 போகிறது. மெஷின் பொய் சொல்கிறதா?

இரண்டும் உண்மை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்று லேசாக இருப்பதால் பந்தை இழுத்துப் பிடிக்காது. ஆயிரம் அடி உயரத்துக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் தூரம் கூடும் என்று தோராயக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். காலைக் குளிர் அதில் கொஞ்சத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். அறைக்குள் இருக்கும் மெஷின் பந்து புறப்படும் வேகம், கோணம், சுழல் மூன்றையும் அளந்துவிட்டு மிச்சப் பயணத்தைக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. அமைப்பில் உயரத்தை மாற்றிப் பாருங்கள், ஊட்டி உங்கள் அறைக்கே வரும்.

ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடும் லேசர் கருவியைப் போட்டியில் பயன்படுத்தலாமா?

தூரத்தை மட்டும் அளக்கலாம், போட்டிக்குழு தடை போடாத வரை. ஏற்ற இறக்க வசதியை அணைத்து வையுங்கள். மறந்து பயன்படுத்தினால் இரண்டு ஸ்ட்ரோக் தண்டம், இரண்டாம் முறை வெளியேற்றம்.

கணவரின் பழைய செட்டை எனக்குக் கொடுத்திருக்கிறார். ஆறு மாதமாகப் பந்து எழும்பவே மாட்டேன் என்கிறது. பழக்கம் போதவில்லை என்கிறார் அவர். (சென்னை வாசகி)

பழக்கத்தைக் குறை சொல்லும் முன் அவர் ஷாஃப்டைப் பார்த்திருக்கலாம். ஆண்களுக்கான ஸ்டீல் ஷாஃப்ட் பல சமயம் 100 கிராமுக்கு மேல் இருக்கும். பெண்களுக்கான கிராஃபைட் அதில் பாதி. உங்களுக்கு நீளமும் கூடுதலாக இருக்கும், விறைப்பும் கூடுதலாக இருக்கும். 4, 5 அயர்ன்களைத் தொடவே வேண்டாம், அவற்றுக்குப் பதில் எளிதாகப் பந்தை எழுப்பும், தலை சற்றுப் பெரிய ஹைப்ரிட் கிளப் வையுங்கள். பந்து புறப்படும் வேகத்தையும் கோணத்தையும் அளக்கும் லாஞ்ச் மானிட்டர் உள்ள இடத்தில் அரை மணி நேரம் அளவெடுத்துக்கொண்டு, உங்கள் வேகத்துக்கு ஏற்ற ஏழெட்டு கிளப் மட்டும் வாங்குங்கள். பழையது கிடைத்தாலும் சரி. கணவரின் செட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். பட்டர் மட்டும் (வெண்ணெய் அல்ல, பந்தைக் குழிக்குள் உருட்டும் கிளப்) நன்றாக உருட்டுகிறது என்றால் அதைத் தராதீர்கள்.