ஐந்தடி நீர்வண்ண ஓவியத்துக்குக் கண்ணாடியா, அக்ரிலிக்கா?

வணக்கம். 5 அடிக்கு 3.5 அடி நீர்வண்ண ஓவியம், சோபாவுக்கு மேலே மாட்டப் போகிறீர்கள், எதிரே ஜன்னல், ஃபிரேம் கடைக்காரர் 4 மி.மீ. கண்ணாடி போடச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். இந்த அளவுக்குக் கண்ணாடி மட்டுமே 16 கிலோ வரும், அதுவும் ஆட்கள் உட்காரும் இடத்துக்கு மேலே. 3 மி.மீ. அக்ரிலிக் ஷீட் (கண்ணாடி போலத் தெளிவான பிளாஸ்டிக்) 6 கிலோவுக்குள் முடிந்துவிடும். விழுந்தாலும் கண்ணாடி போலச் சிதறாது.

புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள். அதுவும் நிறம் வெளுப்பதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. முடிந்தால் பக்கத்துச் சுவருக்கு மாற்றுங்கள், பிரதிபலிப்பும் குறையும். மேட் (பளபளப்பில்லாத) ரகம் எனக்குப் பிடிக்காது. அதில் படத்துக்கும் ஷீட்டுக்கும் இடைவெளி கூடக்கூட ஓவியம் மங்கலாகத் தெரியும்.

அந்த இடைவெளி கட்டாயம் வேண்டும். காகிதம் ஷீட்டில் பட்டால் ஈரப்பதத்தில் ஒட்டிக்கொள்ளும். அக்ரிலிக் சூட்டில் விரிவதால் ஃபிரேமுக்குள் சுற்றிலும் 3 மி.மீ. இடம் விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வளையும். அப்புறம், துடைக்க ஈரமான மென்துணி போதும். அம்மோனியா கலந்த கிளீனர் கூடாது. கரி, பேஸ்டல் (தூள் வண்ணக்குச்சி) ஓவியமாக இருந்தால் மட்டும் கண்ணாடியே சரி, அக்ரிலிக்கின் நிலைமின்சாரம் துகள்களை இழுத்துவிடும்.