போதைப் படங்களின் பின்னணி இசை: கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் குறும்படம் எடுக்கும் பிள்ளைகளுக்கு இசை அமைத்துக் கொடுக்கிறேன். போதைப் பழக்கத்தைப் பற்றிய மூன்று படங்களைச் சேர்ந்து பார்த்த பிறகு வந்த கேள்விகள் இவை.

கேள்வி: அண்ணே, ‘ட்ரெயின்ஸ்பாட்டிங்’ (1996) படத்தில் கதாநாயகன் போதை ஊசி போட்டுக்கொண்டு சாகக் கிடக்கிறான். அங்கே போய் இவ்வளவு இனிமையான பாட்டா?

பதில்: அந்த இனிமைதான் தம்பி பயங்கரம். லூ ரீட் 1972-இல் பாடிய ‘பெர்ஃபெக்ட் டே’ அது. அவன் சிவப்புக் கம்பளத்துக்குள் குழியில் இறங்குவதுபோல் இறங்குகிறான். இழுத்துப்போய் டாக்சியில் ஏற்றுகிறார்கள். பாட்டு மட்டும் அவசரப்படவே இல்லை. நமக்குப் பதறுகிறது, அவனுக்கோ சுகம். சோக இசை போட்டிருந்தால் ‘ஐயோ பாவம்’ என்று எழுந்து போயிருப்போம். அவனால் ஏன் விட முடியவில்லை என்பது புரிந்திருக்காது.

கேள்வி: ‘ரெக்வியம் ஃபார் எ ட்ரீம்’ (2000) படத்தில் ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வருகிறதே?

பதில்: பழக்கம் என்பதே திரும்ப வருவதுதானே! கிளிண்ட் மான்செல் அமைத்ததைக் குரோனோஸ் குவார்ட்டெட் என்ற நால்வர் குழு வாசித்தது. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. ஆனால் நான் அதைவிட ரசித்தது வேறு. மகன் போதை ஏற்றும்போதெல்லாம் லைட்டர் சொடுக்கு, கண்பாவை விரிவது என்று சின்னச் சின்னத் துண்டுகள் ஒரே தாளத்தில் விழும். உடம்பு இளைக்க அம்மா மாத்திரை விழுங்கும்போதும் அதே வேகம்தான். இரண்டும் ஒரே நோய் என்று யாரும் வசனம் பேசவில்லை, தாளம் சொல்லிவிட்டது.

கேள்வி: சோகத்துக்கு வயலின் கட்டாயமா, சார்?

பதில்: இல்லை. 1945-இல் வந்த ‘தி லாஸ்ட் வீக்கெண்ட்’ ஒரு குடிகாரனின் கதை. வெளியீட்டுக்கு முன் சனங்களுக்குப் போட்டுக் காட்டியபோது தற்காலிகமாக ஜாஸ் இசை போட்டிருந்தார்கள், சனங்கள் சிரித்துவிட்டார்கள். பிறகு மிக்லோஸ் ரோசா தெரமின் சேர்த்து இசை அமைத்தார். கருவியைத் தொடாமல், காற்றில் கையசைத்து வாசிப்பது அது. சுரம் ஓரிடத்தில் நிற்காமல் வழுக்கும், தள்ளாடும் மனசு மாதிரி. படம் ஆஸ்கார் வாங்கியது.

கேள்வி: எங்கள் குறும்படத்தில் அப்பா சம்சு என்ற மலிவுச் சாராயம் குடித்துவிட்டு வரும் காட்சிக்கு உறுமி போடலாமா, அண்ணா?

பதில்: வேண்டாம் தங்கச்சி. உறுமி கேட்டால் நம் சனங்களுக்குத் தைப்பூசமும் அருளும்தான் ஞாபகம் வரும். அதைக் குடியோடு முடிச்சுப் போட எனக்கு மனசில்லை.

நான் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், வளர்ந்தவன். அப்பாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் லயத்து முனையில் கேட்டதும் அம்மா ரேடியோவைக் குறைத்துவிடுவார். எத்தனையோ பாட்டுக்கு இரண்டாவது சரணம் எங்களுக்குத் தெரியாது. உங்கள் காட்சியிலும் ரேடியோ பாடட்டும். மோட்டார் சத்தம் நெருங்கட்டும். ஒரு கை வந்து குமிழைத் திருகட்டும். அப்புறம் கதவு திறக்கும்வரை எந்த இசையும் போடாதீர்கள்.